காகிதமும் பசையும் நூலும்: ஜப்பானிய வீட்டுக் கைவேலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானியக் காகிதக் கைவேலை என்றதும் நம்மவர்களுக்கு ஒரிகாமிக் கொக்குதான் ஞாபகம் வரும். இது கொக்கைப் பற்றி இல்லை. இங்கே வீடுகளில், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட அம்மாக்களும் ஓய்வுபெற்ற பெரியவர்களும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து செய்கிற வேலைகள் வேறு. புத்தாண்டுக்குப் பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் போச்சிபுகுரோ என்ற குட்டி உறை, பூப்போட்ட காகிதம் ஒட்டிய தேயிலை டின், நூலால் தைத்த நோட்டு, இந்த மாதிரி. நான் டோக்கியோவுக்குப் பக்கத்திலுள்ள சைதாமாவில் குடியிருக்கிறேன், எங்கள் பேட்டை கோமின்கானில் (ஊர்ப் பொதுமண்டபம், அறை வாடகை ரொம்பக் குறைவு) இதற்கென்று ஒரு குழு கூடுகிறது, நானும் போகிறேன். அங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள்: முதலில் அழகான காகிதமாக வாங்கிக் குவிப்பது.

அதை மட்டும் செய்யாதீர்கள். காகிதத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, பசையில் இருக்கும் தண்ணீர் அந்த நாரை என்ன செய்கிறது, இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் நூறு யென் கடைக் காகிதத்திலேயே நல்ல பொருள் செய்யலாம். பிடிபடாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காகிதமும் கொப்பளித்துக்கொண்டு நிற்கும். கீழே மூன்று பொருள்கள் சொல்கிறேன், உறை, டின், நோட்டு என்ற வரிசையில். வரிசையை மாற்ற வேண்டாம், ஒன்றில் கற்றது அடுத்ததற்கு வேண்டும்.

காகிதம்: எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

வாஷி என்பது பொதுப்பெயர். மூன்று செடிகளின் பட்டைதான் பெரும்பாலும் மூலம்: கோசோ (காகித மல்பெரி), மித்சுமாதா, காம்பி. கோசோ நார்தான் நீளம், சராசரி 1 செ.மீ. வரும். சாதாரண அச்சுக் காகிதத்தில் இருக்கும் மரக்கூழ் நார் 2, 3 மி.மீ.தான். கோசோ காகிதம் மெல்லிசாக இருந்தும் கிழியாமல் தாங்குவதற்கு இதுதான் காரணம். காம்பி வழுவழுப்பு, பளபளப்பு, விலையும் அதிகம், இப்போதைக்கு வேண்டாம்.

2014இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது மூன்று ஊர்க் கைத்தயாரிப்பை: ஷிமானே மாநிலத்தின் செகிஷூ பான்ஷி, கிஃபுவின் ஹோன் மினோஷி, எங்கள் சைதாமாவின் ஹோசோகாவாஷி. மூன்றுமே கோசோ. ஹோசோகாவாஷி செய்யும் ஒகாவா ஊருக்கு இகெபுகுரோவிலிருந்து தோபு தோஜோ லைனில் உட்கார்ந்தால் போய்ச் சேரலாம், ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். டோக்கியோவுக்குள்ளேயே வேண்டுமென்றால் நிஹோன்பாஷியில் ஒசு வாஷி இருக்கிறது, 1653இல் தொடங்கிய கடை, காகிதம் வார்க்கும் பயிற்சியும் உண்டு. அதே நிஹோன்பாஷியில் 1806இலிருந்து ஹாய்பாரா. யானகாவில் இசெதாட்சு, 1864இல் தொடங்கியது, மர அச்சில் அடித்த எடோ சியோகாமிக்கு அதுதான் பேர்போனது. சியோகாமி என்றால் பூ, அலை, கொக்கு, பொம்மை என்று வண்ண அச்சுப் போட்ட காகிதம். மர அச்சுத் தாளின் விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம், தப்பில்லை. வீட்டு வேலைக்குப் பெரும்பாலானவர்கள் வாங்குவது கிமோனோத் துணி வடிவங்களைத் திரை அச்சில் போட்ட யூசென் காகிதம், சுமார் 60க்கு 90 செ.மீ. தாள். ஒரு தாளில் இரண்டு டின்னுக்கும் ஐந்தாறு உறைக்கும் வரும்.

காசு கொடுத்து வாங்காத காகிதமும் இருக்கிறது. டிபார்ட்மென்ட் ஸ்டோரில் எதை வாங்கினாலும் சுற்றித் தருகிற தாள். மித்சுகோஷியின் வெள்ளையில் சிவப்புத் தாள் 1950இல் ஓவியர் இனோகுமா கென்இச்சிரோ வரைந்தது, அதில் உள்ள ரோமன் எழுத்தைப் போட்டவர் அப்போது அந்தக் கடையின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த யானாசே தாகாஷி, பின்னாளில் அன்பான்மான் என்ற சிறுவர் படக்கதை நாயகனைப் படைத்தவர். எங்கள் குழுவில் அந்தத் தாளை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருக்காதவர்கள் யாருமில்லை. உறை செய்யப் பழக இதைவிட நல்ல காகிதம் கிடையாது.

நார் ஓடும் திசை

இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். எந்தத் தாளையும் மெல்ல வளைத்துப் பாருங்கள், மடிக்காமல். நீளவாக்கில் ஒரு தரம், குறுக்குவாக்கில் ஒரு தரம். ஒரு பக்கம் சொன்னபடி கேட்கும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். சொன்னபடி கேட்கும்போது வளைவின் முதுகு எந்தப் பக்கம் ஓடுகிறதோ, நாரும் அந்தப் பக்கம்தான். சந்தேகமிருந்தால் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் ஈரமாக்குங்கள், அது குழாய் மாதிரி சுருண்டுகொள்ளும், குழாயின் நீளவாக்கே நாரின் திசை. கிழித்தும் பார்க்கலாம்: நாரோடு கிழித்தால் கோடு நேராக வரும், குறுக்கே கிழித்தால் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும்.

தெரிந்ததும் பென்சிலால் பின்பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டு வையுங்கள். துண்டு போட்ட பிறகு கண்டுபிடிப்பது பெரிய பாடு.

காரணம் எளிமையானது. ஈரம் பட்டால் நார் தடிக்கும், நீளாது. ஆகவே காகிதம் நாருக்குக் குறுக்கே விரியும், நாரின் திசையில் கிட்டத்தட்ட விரியவே விரியாது. பசை தடவிய தாள் எந்தப் பக்கம் வளரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு இடம் விட்டு வேலை செய்யலாம். கையால் வார்த்த வாஷியில் இந்த வித்தியாசம் குறைவு, இயந்திரத்தில் ஓடிய காகிதத்தில் நன்றாகத் தெரியும்.

பசை

இரண்டு வகை போதும். ஒன்று ஸ்டார்ச் பசை. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் யாமாதோ நோரி டப்பா எந்தக் கடையிலும் கிடைக்கும், அதில் தொடங்கலாம். இன்னொன்று வெள்ளை மரப்பசை, நம்மூர் ஃபெவிகால் வகை. முதலாவது மெதுவாகக் காயும், ஒட்டிய பிறகும் நகர்த்தலாம், பின்னால் ஈரம் காட்டினால் கழன்று வரும். இரண்டாவது சட்டென்று பிடிக்கும், பிடித்தால் விடாது. காகிதத்தின் மேல் காகிதம் என்றால் ஸ்டார்ச், தகரத்தின் மேல் என்றால் இரண்டையும் சம அளவில் கலந்து கொஞ்சம் தண்ணீர் விட்டு, பிரஷ்ஷிலிருந்து நூலாக இழுக்காமல் சொட்டுகிற பதத்துக்கு.

ஸ்டார்ச் பசையை வீட்டிலேயே காய்ச்சுகிறவர்களும் உண்டு. நம்மூரில் போஸ்டர் ஒட்ட மைதா காய்ச்சுவது மாதிரியேதான், ஆனால் மாவு வேறு: கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவிப் புரதத்தை நீக்கிவிட்டு மிஞ்சும் வெறும் ஸ்டார்ச். ஒரு பங்குக்கு நாலைந்து பங்கு தண்ணீர், சிறிது நேரம் ஊறவிட்டு, சின்னத் தணலில் கை எடுக்காமல் கிண்ட வேண்டும். பால் மாதிரி இருந்தது திடீரென்று கெட்டியாகும், அங்கே நிறுத்திவிடாமல் கண்ணாடி மாதிரி ஒரு தெளிவு வரும்வரை கிண்டி, ஆறியதும் சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் சில நாள் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். தொங்கு ஓவியங்களுக்கு முதுகுத்தாள் ஒட்டும் கைவினைஞர்கள் இந்தப் பசையையே கடுங்குளிர் நாட்களில் காய்ச்சி ஜாடியில் 10 வருஷம் பக்கம் வைத்திருந்து எடுக்கிறார்கள். வலு குறைந்து மென்மையாகிவிடும் அந்தப் பசை, சுருட்டி விரிக்கிற ஓவியத்துக்கு அதுதான் தோது. நமக்கு அவ்வளவு தேவையில்லை.

சாமான்

கட்டர் ஒன்று, அலகை உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் வகை. 1956இல் ஒசாகாவில் பிறந்த யோசனை அது, ஒல்ஃபா என்ற பெயரில் இன்றைக்கும் வருகிறது. அலகை உடைக்கக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். வாஷியின் நீண்ட நாரை மழுங்கிய அலகு வெட்டாது, இழுக்கும், ஓரம் முழுக்கப் பஞ்சு கிளம்பும். அப்புறம் இரும்பு ஸ்கேல், வெட்டுப் பலகை, மடிப்பை அழுத்தத் தேய்க்கும் ஹெரா (மரத்திலோ எலும்பிலோ பட்டையாக இருக்கும், கிடைக்காவிட்டால் ஐஸ்கிரீம் மரக்கரண்டியின் பின்பக்கம்), மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, தட்டையான பிரஷ் இரண்டு, குத்தூசி, சின்ன மரச்சுத்தி, கிளிப். பசை தடவும்போது கீழே போடப் பழைய பத்திரிகைத் தாள்கள், நிறைய. ஒரு தாளில் ஒரே ஒரு தரம்தான் தடவ வேண்டும், அடுத்ததற்குப் புதுத்தாள். ஈரத்துணி ஒன்று கை துடைக்க எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும், பசைக் கை சியோகாமியில் பட்டால் அந்த மினுமினுப்புக் கறை போகாது.

முதல் வேலை: போச்சிபுகுரோ

ஜப்பானியப் பண நோட்டுகள் எல்லாமே உயரம் 76 மி.மீ., நீளம் மட்டும் மாறும்: ஆயிரம் யென் 150, பத்தாயிரம் யென் 160 மி.மீ. மூன்றாக மடித்தால் அதிகபட்சம் 54 மி.மீ. அகலம். அதற்கு 65க்கு 95 மி.மீ. உறை கச்சிதம். 15 செ.மீ. ஒரிகாமிச் சதுரத்தில் ஒரு உறை வரும், ஆனால் ஒரிகாமித் தாள் மெல்லிசு, உள்ளே இருப்பது தெரியும். கடைச் சுற்றுத்தாளோ யூசென் தாளோ நல்லது.

தாளை 141 மி.மீ. அகலம், 135 மி.மீ. உயரத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள், நார் உயரவாக்கில் ஓடட்டும். பூப்பக்கம் கீழே. அகலத்தை இடமிருந்து மூன்றாகப் பிரியுங்கள்: 12 மி.மீ. ஒட்டுப்பட்டை, 65 முன்பக்கம், 64 பின்பக்கம். பின்பக்கத்தில் அந்த ஒரு மி.மீ. குறைவு வேண்டும், இல்லாவிட்டால் மடித்த பிறகு ஓரம் துருத்திக்கொண்டு நிற்கும். உயரத்தை மேலிருந்து கீழாக 25 மூடி, 95 உடம்பு, 15 அடிமடிப்பு. இப்போது மூடியும் அடிமடிப்பும் முன்பக்கத்துக்கு மட்டும் இருக்கும்படி, மற்ற நான்கு மூலைத் துண்டுகளையும் வெட்டி எறியுங்கள். மூடிக்கும் அடிமடிப்புக்கும் இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. சரிவாகச் சீவிவிட்டால் மடிக்கும்போது முட்டாது.

மடிக்கும் கோடு எல்லாவற்றையும் முதலில் மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடிழுங்கள். நாரோடு போகும் இரண்டு கோடும் விரலாலேயே மடியும். குறுக்கே போகும் மேல், கீழ்க் கோடுகளில்தான் காகிதம் வெடிக்கும், பூவின் வண்ணம் அங்கே வெள்ளையாக உடையும், ஆகவே அவற்றை இரண்டு தரம் கோடிழுத்து, மேலே ஒரு வெள்ளைத்தாள் வைத்து ஹெராவால் தேயுங்கள். நேரடியாகத் தேய்த்தால் காகிதம் பளபளக்கும்.

ஒட்டுப்பட்டையை உள்ளே மடித்து, அதன் மேல் பசை தடவி, பின்பக்கத்தை மடித்து அதன் மேல் படியவையுங்கள். அடுத்து அடிமடிப்பில் பசை. பசை மடிப்புக் கோட்டுக்கு 2 மி.மீ. முன்னாலேயே நின்றுவிட வேண்டும், உள்ளே வழிந்தால் உறையே ஒட்டிக்கொள்ளும். பசை காயும்வரை உள்ளே ஒரு துண்டு மெழுகுத்தாள் செருகி வையுங்கள். மேலே கனமான புத்தகம், அரை மணி நேரம்.

பணம் வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வங்கியில் மாற்றிய புது நோட்டு, முகம் இருக்கும் பக்கம் மேலே, முதலில் இடது மூன்றில் ஒரு பங்கை மடித்து அதன் மேல் வலதை மடிக்க வேண்டும். 2024 ஜூலையில் நோட்டுகளின் முகங்கள் மாறின, பத்தாயிரத்தில் இப்போது ஷிபுசாவா எய்இச்சி. நோட்டுக் காகிதத்திலேயே மித்சுமாதா நார் கலந்திருக்கிறது, அதில் கணிசமானது நேபாளத்திலிருந்து வருகிறது. வாங்கும் பிள்ளையின் பெயர் முன்னால், கொடுப்பவர் பெயர் பின்னால். மூடியை ஒட்ட வேண்டாம், சின்ன ஸ்டிக்கர் போதும். டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து இருபது உறை மடிப்பது ஆகாத காரியம், நவம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.

இரண்டாவது: தேயிலை டின்

படமோ பெயிண்டோ இல்லாத வெறும் தகர டின் கைவேலைக் கடைகளில் கிடைக்கும். கியோட்டோவின் கைகாதோ மாதிரி 1875இலிருந்து செய்கிற கடையின் டின் யாராவது பரிசாகத் தந்திருந்தால் அதன் மேல் தயவுசெய்து எதையும் ஒட்டாதீர்கள், அது கை பட்டுப் பட்டு நிறம் மாறுவதைப் பார்க்கத்தான் வாங்குவது.

டின்னை ஆல்கஹாலில் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, மூடியைப் போட்டு, மூடி வந்து நிற்கிற இடத்தில் சுற்றிலும் பென்சில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே காகிதம் போகவே கூடாது. போனால் மூடி இறங்காது, அல்லது காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கும். கோட்டுக்கு ஒரு மி.மீ. கீழேயே காகிதம் நிற்கட்டும்.

சுற்றளவைக் கணக்குப் போடாமல் ஒரு தாள் பட்டையைச் சுற்றி அளவெடுங்கள். விட்டம் 75 மி.மீ. டின் என்றால் சுற்றளவு 236 மி.மீ. வாக்கில் வரும், ஓரத்தின் மேல் ஓரம் படியும் மேற்படிவுக்கு 8 சேர்த்து 244. நார் டின்னின் உயரவாக்கில் இருக்க வேண்டும். அப்போதுதான் தாள் முரண்டு பிடிக்காமல் உருளையைச் சுற்றும். பசை பட்டு விரிவதும் சுற்றளவின் பக்கமே இருக்கும், மேற்படிவு கொஞ்சம் அதிகமாவதோடு போய்விடும். மாற்றி வைத்தால் உயரம் வளர்ந்து, மூடிக் கோட்டைத் தாண்டி, அடியிலும் பிதுங்கும். நார் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான்.

பத்திரிகைத் தாளின் மேல் சியோகாமியைக் கவிழ்த்துப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கலவைப் பசையைத் தடவுங்கள். தடவியதும் ஒட்டாதீர்கள். ஒரு நிமிஷம் அப்படியே விடுங்கள். கண்ணெதிரிலேயே தாள் நெளியும், மேடு பள்ளமாக எழும்பும், அப்புறம் அடங்கித் தளர்ந்து படுக்கும். படுத்த பிறகுதான் எடுக்க வேண்டும், விரிய வேண்டியதெல்லாம் விரிந்துவிட்டது என்று அர்த்தம். நெளிந்துகொண்டிருக்கும்போதே டின்னில் ஒட்டினால் அங்கே போய் விரியும், கொப்புளம் வரும். டின்னின் தகரம் இணையும் கோட்டில் தாளின் தொடக்க ஓரத்தை வைத்து, உலர்ந்த துணியால் ஒரே பக்கமாக நீவிக்கொண்டே சுற்றி வாருங்கள். சின்னக் காற்றுக் குமிழ் இருந்தால் ஊசியால் குத்தி அழுத்துங்கள். காயும்போது தாள் இழுத்துக்கொண்டு மிச்சச் சுருக்கத்தை அதுவே சரிசெய்யும்.

மூடியின் மேல்வட்டத்துக்கு யூசென் தாள் வேண்டாம், தடிமன் அதிகம், மடித்து இறக்கும் இடத்தில் முண்டு முண்டாகத் தெரியும். ஒரே நிறத்தில் மெல்லிய கோசோத் தாளை வட்டத்தைவிட 8 மி.மீ. பெரிதாக வெட்டி, சுற்றிலும் கத்தரியால் கீறிவிட்டு ஒட்டி, கீறிய பற்களைப் பக்கவாட்டில் படியவிட்டு, அதன் மேல் சியோகாமிப் பட்டையைச் சுற்றுங்கள். பட்டையின் பூவும் உடம்பின் பூவும் மூடிய நிலையில் தொடர்ந்து வரும்படி வெட்டுவது பார்க்க நன்றாக இருக்கும், கட்டாயமில்லை.

இரண்டு நாள் காயட்டும். ஜூனிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை இங்கே த்சுயு மழைக்காலம், அப்போது நாலு நாள்கூட ஆகும், பூஞ்சையும் பிடிக்கும், முடிந்தால் அந்த மாதம் டின் வேலையே வேண்டாம். டின் காய்ந்த பிறகு, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் வார்னிஷ் மெல்லிசாக இரண்டு பூச்சு. முதலில் வெட்டி மிஞ்சிய துண்டில் பூசிப் பாருங்கள், சில சிவப்பு மை கசியும்.

மூன்றாவது: நான்கு துளை நோட்டு

யோட்சுமே தோஜி. பழைய ஜப்பானியப் புத்தகங்களின் முதுகில் நூல் சதுரம் சதுரமாக ஓடுமே, அதுதான். தாளை நடுவில் மடித்து, மடிப்பு வெளிப்பக்கம் வரும்படி அடுக்கி, திறந்த ஓரங்களைச் சேர்த்துத் தைப்பது. ஆகவே ஒவ்வொரு பக்கமும் இரட்டைத் தாள்.

தாள்: தூரிகை எழுத்துப் பழகும் ஹான்ஷி, சுமார் 24க்கு 33 செ.மீ. நூறு யென் கடையிலேயே கட்டாகக் கிடைக்கிறது. வழுவழுப்பான பக்கம் வெளியே வரும்படி மடிக்க வேண்டும். பவுண்டன் பேனா ஊறும், பென்சிலுக்கும் தூரிகைக்கும் அருமை. பேனாவில்தான் எழுதுவேன் என்றால் ஜெராக்ஸ் தாளில் செய்யலாம், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏ4 ஜெராக்ஸ் தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். அதை நடுவில் மடித்தால் முதுகுக்குக் குறுக்கே நார் வரும், நோட்டு விசுக்கென்று மூடிக்கொண்டே இருக்கும், கையால் பிடித்துக்கொண்டுதான் எழுத முடியும். நார் நீளவாக்கில் ஓடும் ஏ3 தாளை வாங்கி இரண்டாக வெட்டினால் கிடைக்கும் ஏ4இல் நார் குட்டைப் பக்கம் ஓடும், அதை மடித்தால் முதுகோடு சேர்ந்து போகும். நோட்டு பணிவாகத் திறக்கும். வாங்கிய கட்டில் ஒரு தாளை வளைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

30 ஹான்ஷியை ஒவ்வொன்றாக மடித்துத் தேய்த்து, மடிப்பு ஓரத்தைத் தட்டிச் சமன்படுத்தி, ஒரு இரவு கனத்தின் கீழ் வையுங்கள். மறுநாள் தடிமன் பாதியாக இறங்கியிருக்கும். இந்த இரவைத் தவிர்த்தவர்கள் நோட்டு பின்னால் ஊதிக்கொண்டு நிற்கும்.

அடுத்து உள்கட்டு. மேலட்டை வைப்பதற்கு முன் உள்தாள்களை மட்டும் கொயோரி என்ற காகிதத் திரியால் கட்டுவது. கோசோத் தாளில் நாரோடு 2 செ.மீ. அகலப் பட்டை வெட்டி, ஒரு முனையைச் சற்றே ஈரமாக்கிய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சாய்வாக வைத்து உருட்டிக்கொண்டே போனால் விறைப்பான திரி வரும். முதல் நாள் வராது, திரி தளர்ந்து பிரியும், கை பழக வேண்டும். முதுகிலிருந்து 6 மி.மீ. உள்ளே, தலைப்பக்கம் ஒரு ஜோடி, கால்பக்கம் ஒரு ஜோடி துளை போட்டுத் திரியைக் கோத்து முடிந்து, சுத்தியால் தட்டித் தட்டையாக்குங்கள். இந்தத் துளைகள் பின்னால் நூல் சுற்றும் இடங்களில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளி நூல் அறுந்து போனாலும் தாள்கள் உதிராது, பழைய புத்தகங்கள் நூற்றாண்டுகள் தாண்டி நிற்பதில் இந்தத் திரிக்குப் பங்கு உண்டு.

மேலட்டைக்குச் சியோகாமி இரண்டு, உயரம் 24, அகலம் 16.5ஓடு உள்ளே மடிக்க 3 செ.மீ. சேர்த்து. அந்த 3 செ.மீ.யைத் திறக்கும் பக்கத்தில் உள்ளே மடித்து, ஓரத்தில் மட்டும் ஒரு கோடு பசை வைத்து முதல் தாளோடு ஒட்டுங்கள். முழுக்கப் பசை தடவாதீர்கள், அட்டை வளையும்.

இனித் துளை. முதுகிலிருந்து 12 மி.மீ. தள்ளி ஒரு கோடு. அந்தக் கோட்டில் தலையிலிருந்து 20, 87, 153, 220 மி.மீ.யில் நான்கு புள்ளிகள். இதைத் தனியாக ஒரு அட்டைத் துண்டில் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த நோட்டுக்கும் ஆகும். நோட்டைக் கிளிப்பால் பிடித்து (கிளிப்பின் கீழே ஒரு துண்டுத் தாள் வையுங்கள், தடம் பதியும்), பழைய பலகை மேல் வைத்து, குத்தூசியைச் செங்குத்தாக நிறுத்திச் சுத்தியால் அடியுங்கள். பாதி தடிமன் போனதும் திருப்பிப் போட்டு ஊசி முனை எட்டிப் பார்க்கும் இடத்தில் மறுபக்கமிருந்தும் அடித்தால் துளை கோணாது.

நூல், நோட்டு உயரத்தின் நாலு மடங்கு, சுமார் ஒரு மீட்டர். பட்டு நூல்தான் மரபு. சஷிகோ என்ற அலங்காரத் தையலுக்கு விற்கும் பருத்தி நூல் விலை குறைவு, நன்றாக இருக்கிறது, எங்கள் குழுவில் பாதிப் பேர் அதுதான். தலைப்பக்கத் துளையை 1 என்றும் கால்பக்கத்தை 4 என்றும் வைத்துக்கொள்வோம்.

1. முதுகுப் பக்கமாக நடுத்தாள்களைச் சற்றே பிரித்து, உள்ளேயிருந்து துளை 2 வழியாக முன்னட்டைக்கு ஊசியை எடுங்கள். 5 செ.மீ. வால் உள்ளே நிற்கட்டும், ஒரு பொட்டுப் பசை வைத்து அங்கேயே ஒட்டிவிடுங்கள்.
2. நூலை முதுகைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோய், துளை 2இலேயே மறுபடி மேலே எடுங்கள்.
3. துளை 3இல் கீழே இறக்கி, முதுகைச் சுற்றி, மறுபடி 3இல் கீழே.
4. பின்பக்கமாக 4க்குப் போய் மேலே எடுத்து, முதுகைச் சுற்றி மறுபடி 4இல் மேலே, பிறகு கால் ஓரத்தைச் சுற்றி இன்னொரு தரம் 4இல் மேலே.
5. திரும்பும் வழி. 3இல் கீழே, 2இல் மேலே. விட்டுப்போன இடைவெளிகள் நிரம்பும்.
6. 1இல் கீழே, முதுகைச் சுற்றி 1இல் கீழே, தலை ஓரத்தைச் சுற்றி 1இல் கீழே.
7. பின்பக்கமாக வந்து 2இல் மேலே. அங்கே இருக்கும் நூல்களின் அடியில் ஊசியை நுழைத்து ஒரு முடிச்சு, முடிச்சைத் துளைக்குள் இழுத்து, 2இல் கீழே இறக்கி, ஒட்ட நறுக்குங்கள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் நூலை முதுகின் பக்கமாக இழுத்து இறுக்குங்கள், தாளுக்குச் செங்குத்தாக இழுத்தால் துளை கிழியும். எங்கள் சென்செய் (ஆசிரியர்) பக்கத்தில் வந்து நின்று நூலை விரல் நகத்தால் மீட்டிப் பார்ப்பார், டொக்கென்று கேட்டால் சரி, தொளதொளவென்றால், "மேடம், அவிழ்த்துக்கலாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அவிழ்க்கத்தான் வேண்டும். நடுவில் தளர்வு விட்டால் கடைசியில் இழுத்துச் சரிசெய்ய வழியே கிடையாது. நூல் ஊசிக் காதில் முறுக்கிக்கொண்டால் அவ்வப்போது ஊசியைத் தொங்கவிட்டுச் சுழலவிடுங்கள்.

அட்டையில் தலைப்பு ஒட்ட விரும்பினால் ஒடுக்கமான வெள்ளைப் பட்டை, இடது மேல்மூலையில். ஜப்பானிய நோட்டு வலமிருந்து திறக்கும், முதுகு வலப்பக்கம். தமிழில் எழுத உங்களுக்கு இடமிருந்துதான் வேண்டும், ஆகவே முதுகை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தலைப்பை உங்கள் வசதிப்படி ஒட்டுங்கள், தையல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான்.

மிச்சத் துண்டுகள்

எதையும் எறியாதீர்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்தால் அது குப்பைதான். நான் மூன்று பெட்டி வைத்திருக்கிறேன். உள்ளங்கையைவிடப் பெரியவை உறைக்கும் நோட்டின் மூலைக்கும் போகும். சின்னவை சிகிரிஎ, அதாவது கிழித்து ஒட்டும் படங்களுக்கு. இங்கே கத்தரி வேண்டாம்: வெற்று வாஷியில் தண்ணீர் தொட்ட தூரிகையால் கோடு போட்டு, ஈரம் இறங்கியதும் இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தால் நார் நாராகப் பிரிந்து வரும், அந்தப் பஞ்சு ஓரத்தை இன்னொரு தாளின் மேல் ஒட்டினால் சேர்ந்த இடமே தெரியாது. மேகம், மலை, பீச் பழத்தின் தோல் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள். யூசென் தாளில் இது சரிவராது, மேலே உள்ள மை ஈரத்தை உள்ளே விடாது. மூன்றாவது பெட்டியில் நீள ஒடுக்கப் பட்டைகள். பூ இல்லாத கோசோவாக இருந்தால் கொயோரி, பூ இருந்தால் ஜூலை 7 தனபாட்டாவுக்கு வேண்டுதல் எழுதி மூங்கிலில் கட்டும் தன்சாகு. அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து கேட்பார்கள், அதற்குள் ஒரு முனையில் துளை போட்டு நூல் கோத்துத் தயாராக வைத்துவிடுங்கள்.